ஐந்து லட்சத்தை யார் யாருக்குக் கொடுப்பது? ஹீரோ கோப்பை வழக்கின் கதை

1993 நவம்பர் முதல் வாரம். பம்பாய் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் சில பெட்டிகளை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். உள்ளே தங்கக் கட்டி ஒன்றும் இல்லை. கிரிக்கெட் ஆட்டத்தைப் படம்பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்கான கருவிகள் இருந்தன. கொண்டுவந்தது டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல், சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ., என்ற வெளிநாட்டு நிறுவனம். வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவுக்காக நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டி அதற்குள் தொடங்கியே விட்டது. நவம்பர் 7 அன்று கான்பூரில் இந்தியாவும் இலங்கையும் ஆடின. மறுநாள் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் படியேறியது.

அங்கிருந்து பதினைந்து மாதம் கழித்து, 1995 பிப்ரவரி 9 அன்று, உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் தனி இடம் பிடித்தது. காற்றில் போகும் அலைகள் அரசாங்கத்தின் சொத்து அல்ல, பொதுச் சொத்து என்று சொன்ன தீர்ப்பு அது. ‘அலைக்கற்றை’ என்ற சொல் 2ஜி விவகாரத்தில்தான் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குள் வந்தது. ஆனால் 2012-இல் 2ஜி உரிமங்களை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொண்ட முன்தீர்ப்புகளில் இந்தக் கிரிக்கெட் வழக்கும் ஒன்று.

இவ்வளவு பெரிய தீர்ப்பு. வழக்கு தொடங்கிய இடமோ ரொம்பச் சாதாரணமானது. ஆட்டத்தைக் காட்டுவதற்கு யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்ற தகராறு அது. பார்வையாளரின் நலனைக் காப்பதாக இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டன. அதன் பிறகு வந்த ஒளிபரப்பு வழக்குகளிலும் பார்வையாளரின் பெயர் இப்படித்தான் கைமாறிக்கொண்டே இருக்கிறது. என் கண்ணுக்கு இந்த வழக்கின் சரடு அதுதான்.

பணம் கேட்ட கை மாறியது

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இந்தியாவில் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன். அது வந்து கேமரா வைத்தால்தான் ஆட்டம் ஊருக்குத் தெரியும். ஆகவே ஒளிபரப்புச் செலவுக்கு ஆட்டம் நடத்துபவர்தான் பணம் கட்ட வேண்டும் என்று தூர்தர்ஷன் நினைத்தது. கல்யாண வீட்டுக்காரர் வீடியோக்காரருக்குக் கூலி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. வீடியோக்காரர் அந்தக் கேசட்டை ஊரெல்லாம் போட்டுக் காட்டி, நடுநடுவே விளம்பரமும் சேர்த்துச் சம்பாதித்தால் கணக்கு எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது தென்னாப்பிரிக்கா. நிறவெறிக் கொள்கைக்காக விதித்த தடை நீங்கி 1991 நவம்பரில் அந்த அணி இந்தியாவுக்கு வந்தபோது, தங்கள் நாட்டு மக்களுக்கு ஆட்டத்தைக் காட்ட உரிமை வேண்டும், என்ன விலை என்று கேட்டார்கள். விற்பதற்குத் தன் கையில் இப்படி ஒரு சரக்கு இருப்பதே இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. 1993 தொடக்கத்தில் இங்கிலாந்து அணி வந்த தொடருக்கான உரிமையை வாரியம் டி.டபிள்யூ.ஐ.க்கு விற்றது. சொந்த நாட்டில் நடக்கும் ஆட்டத்தைக் காட்ட தூர்தர்ஷன் அந்த வெளிநாட்டு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காயம் ஆறுவதற்குள் ஹீரோ கோப்பை வந்தது.

1993 மார்ச்சில் வங்காள சங்கம் தூர்தர்ஷனுக்குக் கடிதம் எழுதி இரண்டு வழிகளைச் சொன்னது. மைதானத்தில் கேமரா வைத்து மூலப் படத்தை உருவாக்குவது ஒரு வேலை. அந்தப் படத்தை வாங்கி வீடுகளுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் நீங்களே செய்கிறீர்களா, அல்லது படத்தை வேறொருவர் உருவாக்கட்டும், இந்தியாவுக்குள் காட்டும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறீர்களா? மார்ச் கடைசியில் தூர்தர்ஷன் சொன்ன விலை 1 கோடி ரூபாய். சங்கத்துக்கு அது போதவில்லை. வெளிநாட்டு உரிமை தன்னிடம் இருக்க வேண்டும் என்பதும் அதன் கணக்கு. பேச்சு நீண்டது, முடிவு வரவில்லை. ஜூனில் சங்கம் டி.டபிள்யூ.ஐ.யுடன் ஒப்பந்தம் போட்டது. அந்த நிறுவனம் டாலரில் குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் தந்தது.

தூர்தர்ஷனுக்குக் கோபம் வந்தது. டி.டபிள்யூ.ஐ.யிடம் காசு கொடுத்துப் படம் வாங்க மாட்டோம் என்றது. ஒளிபரப்ப வேண்டுமானால் ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் சங்கம்தான் எங்களுக்குத் தொழில்நுட்பக் கட்டணம் தர வேண்டும் என்றும் கேட்டது. சில மாதம் முன்பு 1 கோடி தர முன்வந்த அதே கை, இப்போது வாங்குவதற்கு நீண்டது. அக்டோபர் கடைசியில், போட்டியை ஒளிபரப்பவே போவதில்லை என்று அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டி.டபிள்யூ.ஐ. இந்தியாவில் தனியாகத் தொலைக்காட்சி நிலையம் ஏதும் தொடங்கக் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். வழியாக வெளிநாட்டுச் செயற்கைக்கோளுக்குப் படத்தை அனுப்பிவைக்கத்தான் கேட்டது. வி.எஸ்.என்.எல். சம்மதித்திருந்தது. வேறு சில அமைச்சகங்களின் அனுமதியும் கிடைத்திருந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் வாசலில் வந்துதான் எல்லாம் நின்றது. தூர்தர்ஷன் அந்த அமைச்சகத்தின் பிள்ளை. உரிமம் வழங்குபவரும் போட்டியாளரும் ஒரே வீட்டில் குடியிருந்தால் அனுமதி எப்படிக் கிடைக்கும்?

நவம்பர் 8 முதல் 27 வரை

வங்காள சங்கத்தின் பின்னால் இருந்தவர் ஜக்மோகன் டால்மியா. கட்டுமானத் தொழிலில் வளர்ந்த கல்கத்தாக்காரர், பேரம் தெரிந்தவர். நீதிமன்றத்தில் சங்கம் கேட்டது இவ்வளவுதான்: ஆட்டங்களை ஒளிபரப்ப ஏற்பாடு செய்யுங்கள், டி.டபிள்யூ.ஐ.யின் வேலையைத் தடுக்காதீர்கள், பிடித்து வைத்த கருவிகளை விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. அதன்மேல் மேல்முறையீடு போனது. இதற்கிடையே ஆட்டங்கள் தேதி தவறாமல் நடந்துகொண்டிருந்தன. விளையாட்டு ஒளிபரப்பு வழக்கின் அவசரம் இதில்தான் தெரியும். நில வழக்கு இருபது வருடம் இழுத்தாலும் நிலம் அங்கேயே கிடக்கும். நேரலைச் சரக்கு சாயங்காலத்துக்குள் ஊசிப் போய்விடும். அதனால் இந்த வகை வழக்குகளில் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால உத்தரவுக்கே மதிப்பு அதிகம். இடைக்கால உத்தரவை வாங்கியவர் பாதி ஜெயித்தவர்.

நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. சுங்கத்தில் கிடந்த கருவிகளை விடுவிக்கச் சொன்னது. டி.டபிள்யூ.ஐ.யின் அனுமதிக் கோரிக்கையின் மேல் அமைச்சகம் உடனே முடிவெடுக்க வேண்டும் என்றது. அலை யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஆட்டம் தெரியட்டும் என்பதுதான் அதன் பொருள்.

அப்படித் தெரிந்த ஆட்டங்களில் ஒன்று நவம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் மின்னொளியில் நடந்த அரையிறுதி. இந்தியா 195. அசாருதீன் மட்டும் 90. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவை. கபில் தேவ், ஸ்ரீநாத், பிரபாகர் என்று ஆள் இருக்க, பந்து போனது இருபது வயது டெண்டுல்கரின் கைக்கு. முதல் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிய ஃபேனி டி வில்லியர்ஸ் ரன் அவுட். அடுத்து வந்த டொனால்டு மட்டையை வீசி வீசிப் பார்த்தார், பந்து மாட்டவே இல்லை. கடைசிப் பந்தில் மெக்மில்லன் 4 ரன் எடுக்க வேண்டும். கிடைத்தது 1. இந்தியா 2 ரன்னில் ஜெயித்தது. 27-ஆம் தேதி இறுதியாட்டத்தில் கும்ப்ளே 12 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்து மேற்கிந்தியத் தீவுகளைச் சுருட்டினார்.

அந்தக் கடைசி ஓவரைப் பார்த்த தலைமுறை இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறது. கருவிப் பெட்டிகள் சுங்கத்திலேயே கிடந்து, இரண்டு தரப்பும் விடாப்பிடியாக நின்றிருந்தால், அந்த ஓவர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருந்திருக்கும்.

1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு

உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்தவர்கள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி. இவர்களில் மோகன் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். சாவந்த் தனக்கும் மோகனுக்குமாகச் சேர்த்து எழுதினார். ஜீவன் ரெட்டி தனியாக எழுதினார். இருவரும் ஏறக்குறைய ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள், ஆனால் வழி வேறு.

அரசின் கையிலிருந்த ஆயுதம் 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். அதன் 4-ஆவது பிரிவு, தந்தி அமைப்பதும் இயக்குவதும் மத்திய அரசின் தனி உரிமை என்கிறது. அரசு விரும்பினால் மற்றவர்களுக்கு உரிமம் தரலாம். அந்தச் சட்டம் வந்தபோது மார்கோனி பள்ளி வயதுப் பையன். கம்பியில் கட்டுக் கடகட என்று செய்தி போன காலத்துக்கு எழுதிய சட்டம், திருத்தங்களோடு, செயற்கைக்கோள் கிரிக்கெட்டுக்கும் பொருந்தும் என்றது அரசு. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் அது தப்பும் இல்லை. நீதிபதிகளும் பொருந்தாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒளிபரப்பு போன்ற ஒரு ஊடகத்துக்கு இந்தச் சட்டம் கொஞ்சமும் போதாது என்று ஜீவன் ரெட்டி வெளிப்படையாகவே எழுதினார்.

அரசின் அடுத்த வாதம்தான் சுவாரசியமானது. வங்காள சங்கம் கருத்துச் சொல்ல வரவில்லை, காசு பார்க்க வந்திருக்கிறது. ஆகவே இது கருத்துரிமையைச் சொல்லும் 19(1)(அ) விவகாரமே அல்ல, தொழில் செய்யும் உரிமையைச் சொல்லும் 19(1)(எ) விவகாரம் என்றது. இந்த வேறுபாடு வெறும் எழுத்து மாற்றம் இல்லை. தொழில் உரிமை என்றால், பொது நலன் என்று சொல்லி அரசு அதை வெட்டலாம்; அரசே ஏகபோகமாகவும் நடத்தலாம். கருத்துரிமை என்றால் அப்படிக் கைவைக்க முடியாது. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி என்று 19(2)-இல் பட்டியலிட்ட காரணங்கள் மட்டுமே செல்லும். அந்தப் பட்டியலில் ‘தூர்தர்ஷனின் வருமானம்’ இல்லை.

நீதிமன்றம் அரசின் வாதத்தை ஏற்கவில்லை. பொழுதுபோக்கும் கருத்துரிமைக்குள் அடங்கும். விளையாட்டு ஆட்டமும் அப்படியே. கருத்தைச் சொல்லும் உரிமையோடு தகவலைப் பெறும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. ஆட்டம் நடத்துபவர் அதை எவ்வளவு பேருக்குக் காட்ட முடியுமோ அவ்வளவு பேருக்குக் காட்ட விரும்பலாம். நடுவில் வருமானம் வருகிறது என்பதற்காக உரிமை போய்விடாது. செய்தித்தாள் விற்பவரும் காசு வாங்கிக்கொண்டுதானே விற்கிறார்?

அலைவரிசை குறைவாக இருக்கிறது, எல்லோருக்கும் பங்கு போட முடியாது என்றும் அரசு சொன்னது. பொதுவாக இது சரியான வாதம்தான். ஆனால் இந்த வழக்கில் யாரும் இந்திய அலைவரிசையில் பங்கு கேட்கவில்லையே என்று சாவந்த் சுட்டிக்காட்டினார். படம் போகப் போவது வெளிநாட்டுச் செயற்கைக்கோளுக்கு. எனக்குத் தீர்ப்பில் பிடித்த பகுதி இதுதான். பெரிய தத்துவம் இல்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கும் உண்மையைப் பார்த்துச் சொன்ன பதில்.

தத்துவம் இதற்கப்புறம் வருகிறது. அலைகள் பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்பதால் அதைப் பயன்படுத்துவதை ஒரு பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும். அந்த அமைப்பு அரசாங்கமாக இருக்கக் கூடாது. சமூகத்தின் எல்லாப் பிரிவினருக்கும் இடமுள்ள, தன்னாட்சி கொண்ட அமைப்பாக இருக்க வேண்டும். அதை உருவாக்க மத்திய அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

ஜீவன் ரெட்டி இங்கே ஒரு அடி தள்ளி நிற்கிறார். அரசின் ஏகபோகத்தை அவரும் ஏற்கவில்லை. ஆனால் அதற்காகத் தனியார் எல்லோருக்கும் நிலையம் நடத்தும் உரிமை கருத்துரிமையிலிருந்து தானாக முளைத்துவிடாது என்றார். பணம் படைத்த சிலர் கைக்கு அலை போனால் அதுவும் ஏகபோகம்தான், முதலாளி மட்டும் மாறியிருப்பார் என்பது அவருடைய கவலை. 1995-இல் பலருக்கு இது பழைய சோஷலிசப் பயமாகத் தெரிந்திருக்கலாம். இன்று உரிமை ஏலத் தொகைகளைப் பார்த்துவிட்டு வந்து அவர் எழுதியதைப் படித்தால் அப்படித் தோன்றாது.

இந்தத் தீர்ப்பில் ஓட்டை ஒன்று உண்டு. வங்காள சங்கமும் வாரியமும் லாபத்துக்கு நடத்தும் கடைகள் அல்ல, கிரிக்கெட்டை வளர்க்கும் அமைப்புகள். அவற்றை வியாபார நிறுவனத்தோடு ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது என்று சாவந்த் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் வருங்காலத்தில் வாரியமே சந்தையின் பெரிய முதலாளியாகும் என்பதை அந்த வாசகம் எதிர்பார்க்கவில்லை. 2013-இல், சந்தையில் ஏகபோகம் நடக்காமல் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் வாரியத்துக்கு 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. காரணம், ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி: ஐ.பி.எல்.லுக்குப் போட்டியாக வேறு லீக் எதையும் வாரியம் நடத்தாது, அங்கீகரிக்காது, ஆதரிக்காது என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டை வளர்க்க வேண்டிய அமைப்பு, இன்னொரு லீக் வளராமல் இருக்க ஒளிபரப்பாளருக்கு எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடைமுறைக் குறையைக் காட்டி அதை ரத்து செய்ய, 2017-இல் ஆணையம் மறுபடி விசாரித்து அதே தொகையை மறுபடி விதித்தது.

அப்புறம் சென்னை

1993-இல் பார்வையாளரின் உரிமை தூர்தர்ஷனுக்கு எதிராகப் பேசியது. பதினோரு வருடத்தில் அது அப்படியே திரும்பி நின்றது.

2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனது. டெஸ்ட்டும் ஒருநாளும் சேர்ந்த முழுத் தொடர் என்று பார்த்தால் 1989-க்குப் பிறகு முதல் பயணம். நாடே காத்திருந்தது. ஒளிபரப்பு உரிமையை விற்றது பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம். வாங்கியது துபாயிலிருந்து இயங்கிய டென் ஸ்போர்ட்ஸ். இரண்டு பக்கமும் இந்தியர் இல்லை. டென் ஸ்போர்ட்ஸ் கட்டணச் சேனல். கேபிள் இல்லாத வீட்டுக்கு ஆட்டம் கிடையாது.

சென்னையில் நிலைமை இன்னும் விசேஷம். 2003 செப்டம்பரில் இங்கே செட்டாப் பாக்ஸ் முறை வந்துவிட்டது. மற்ற பெருநகரங்களில் அது நிற்காமல் போக, சென்னையில் மட்டும் ஒட்டிக்கொண்டது. பாக்ஸ் வாங்காத வீட்டில் கேபிள் இருந்தாலும் இலவசச் சேனல்தான் வரும். மாதாமாதம் கேபிள்காரருக்குப் பணம் கட்டிவிட்டு, கராச்சி ஆட்டத்தைப் பார்க்க வழியில்லாமல் இருந்த ஊர் இது. இந்தச் சூழலில் சென்னையின் நுகர்வோர் அமைப்பான ‘சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்டு சிவிக் ஆக்‌ஷன் குரூப்’ தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. தூர்தர்ஷனுடன் படத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று டென் ஸ்போர்ட்ஸுக்கு உத்தரவு வந்தது. டென் ஸ்போர்ட்ஸ் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது.

அங்கே கிடைத்தது ஒரு சமரச ஏற்பாடு. டென் ஸ்போர்ட்ஸின் படத்தை அதன் முத்திரையோடும் விளம்பரங்களோடும் அப்படியே, ஒரு மாற்றமும் செய்யாமல், தூர்தர்ஷன் காட்டலாம். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 50 கோடி ரூபாய் கட்டி வைக்க வேண்டும். அரசுத் தொலைக்காட்சியில் துபாய் சேனலின் முத்திரை ஓடிய வாரங்கள் அவை.

நியாயம் யார் பக்கம்? டென் ஸ்போர்ட்ஸ் காசு கொடுத்து வாங்கிய தனி உரிமை அது. வீட்டுக்கு வீடு இலவசமாகக் கிடைக்கும் என்றால் அந்த உரிமைக்கு அடுத்த முறை யார் அந்த விலை கொடுப்பார்? மறுபக்கம், ஆட்டத்தைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர் வீட்டில் ஆன்டெனா மட்டும்தான் இருந்தது. 1995 தீர்ப்பு தகவலைப் பெறும் உரிமை உண்டு என்றது. இலவசமாகப் பெறும் உரிமை உண்டு என்று சொல்லவில்லை. 2004-இல் அந்த இடைவெளியை உத்தரவாலும் வைப்புத் தொகையாலும் தற்காலிகமாக அடைத்தார்கள்.

ஏழு நிமிடம்

நிரந்தரமாக அடைக்க அரசு எடுத்த வழி சட்டம். 2005 நவம்பரில் வந்த வழிகாட்டு விதிகள், முக்கியமான ஆட்டங்களின் படத்தைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்றன. நிம்பஸ் நிறுவனத்தின் நியோ ஸ்போர்ட்ஸ் அதற்கு மசியவில்லை. 2007 ஜனவரி 21, நாக்பூர், இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும். கங்குலி அணிக்குத் திரும்பி வந்து 98 அடித்த ஆட்டம். தூர்தர்ஷனில் நேரலை இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் கிடைத்த ஏற்பாடு: தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் ஏழு நிமிடம் தாமதித்து.

ஒருநாள் ஆட்டத்தில் ஒரு ஓவருக்கு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஏழு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு ஓவர். பக்கத்து வீட்டில் நியோ ஓடினால் அங்கே சத்தம் கேட்ட பிறகு இங்கே பந்துவீச்சாளர் ஓடி வருவார். விக்கெட் போவது முன்கூட்டியே தெரிந்த பிறகு என்ன நேரலை? நீதிமன்றக் கோணத்தில் பார்த்தால் இது புத்திசாலித்தனமான நடுவழி. உரிமை வாங்கியவரின் சரக்கு நேரலை, இலவசமாகப் பார்ப்பவருக்குக் கிடைப்பது பதிவு. ஆனால் தேர்தல் அரசியல் செய்பவர்களுக்கு அந்த நடுவழி போதவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்திலேயே அவசரச் சட்டம் வந்தது, மார்ச்சில் அது முழுச் சட்டமானது. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் சேனல், விளம்பரம் நீக்கிய படத்தை அதே நேரத்தில் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். தூர்தர்ஷன் அதில் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளும். வரும் வருமானத்தில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்ற விகிதம், வானொலிக்குச் சரிபாதி. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவரும்கூட. சட்டத்தை 2005 நவம்பர் 11-இலிருந்து முன்தேதியிட்டே அமல்படுத்தினார்கள்.

சட்டம் வந்ததும் சண்டை ஓய்ந்துவிடவில்லை, நுணுக்கமானது. ‘விளம்பரம் நீக்கிய படம்’ என்றால் என்ன? திரையோரம் வரும் ஆதரவாளர் முத்திரை விளம்பரமா, இல்லையா? அதுவும் விளம்பரம்தான் என்ற நிலையை 2016-இல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. அடுத்தது இன்னும் பெரிய தகராறு. தூர்தர்ஷன் சேனலைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்று கேபிள் சட்டம் சொல்கிறது. அப்படியானால் பகிர்ந்துகொண்ட படம் தூர்தர்ஷன் வழியாகக் கேபிள் வீடுகளுக்கும் இலவசமாகப் போய்விடுகிறது. எந்த வீட்டிலிருந்து சந்தா வரும் என்று நம்பித் தனியார் சேனல் கோடிகளைக் கொட்டியதோ, அதே வீட்டுக்குப் பின்வாசல் வழியாக ஆட்டம் போய்ச் சேர்கிறது.

2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு முட்டுக்கட்டை போட்டது. 2017 ஆகஸ்ட் 22 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், நவீன் சின்கா அமர்வு அதை உறுதி செய்தது. பகிர்ந்த படத்தை பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய டிடிஎச் சேவையிலும் மட்டும் காட்டலாம். கேபிள்காரர்கள் வழியாக அனுப்பக் கூடாது.

இதற்கிடையே பணம் எங்கேயோ போய்விட்டது. 2022-இல் ஐந்தாண்டு ஐ.பி.எல். உரிமை மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. தொலைக்காட்சி உரிமைக்கு ஸ்டார் 23,575 கோடி கொடுத்தது. இந்திய டிஜிட்டல் உரிமையின் முக்கியத் தொகுப்பை வயாகாம்18 நிறுவனம் 20,500 கோடிக்கு எடுத்தது. ஆட்டத்துக்கு 5 லட்சம் கொடு என்று தூர்தர்ஷன் கேட்ட நாளிலிருந்து அப்போது முப்பது வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

1995-இல் நீதிமன்றம் உடனடியாக அமைக்கச் சொன்ன தன்னாட்சி அமைப்பு மட்டும் இன்னும் வரவில்லை. பிரசார் பாரதி சட்டம் 1990-இலேயே நிறைவேறி, 1997-இல்தான் உயிர் பெற்றது; அது தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் அமைப்பு, ஒழுங்காற்று அமைப்பு அல்ல. 1997-இல் கொண்டுவந்த ஒளிபரப்பு மசோதா காலாவதியானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டணத்தையும் இணைப்பையும் பார்க்கிறது. சேனல் உரிமம் தருவது இன்றும் அதே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்தான். 1885 தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது.

2017 தீர்ப்பின்படி, இந்தியா ஆடும் ஒருநாள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் இலவசமாகப் பார்க்க நினைப்பவர் மாடியில் பிரசார் பாரதியின் டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் கிண்ணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில் அதே டிடி சேனல் வரும். பகிர்ந்து வாங்கிய அந்த ஆட்டம் மட்டும் அதில் வரக் கூடாது.